பாத்துட்டுச் சொல்றேன்

நான் கல்யாணமாகி வலப்பனைப் பக்கத்திலிருந்து மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை, எங்கள் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பரா வீட்டு வாசலில் ஒரு பெண் கோழி முட்டையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். போன் பேசுகிறவர் மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணை மூடியிருந்தார். நான் புதுப்பெண்ணின் அடக்கத்தோடு, தண்ணீர் எங்கே பிடிப்பது என்று கேட்டேன். அவர் இன்னொரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினார். வாளியோடு நான் பனியில் நின்றேன். பிறகு அவர் கண்ணைத் திறந்து, அந்த முட்டையை என் காதில் வைத்தார். அந்தக் குளிரில் அது மட்டும் சூடாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்லக் கீச்சிட்டது.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"அப்ப நெசந்தான். எனக்கு மட்டும் கேக்குதோன்னு நெனச்சேன்" என்றார். அதற்குப் பிறகுதான் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வழி காட்டினார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தோட்டத்துச் செக்ரோல் பேர்ப்பதிவில் அது பத்திரமாக இருந்தது. மற்றபடி லயத்துக்கு அவர் கோழியக்காதான். சின்னப்பிள்ளையும் கோழியக்கா என்றது, அவரைவிட மூத்த கங்காணியும் கோழியக்கா என்றார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நின்றார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். மகளை நோர்வூட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் முதலில் கோழிக்கூட்டைத்தான் எட்டிப் பார்ப்பார்.

எட்டு ஒன்பது பொட்டைக் கோழிகள், ஒரு சேவல். பலகையும் பழைய தகரமும் வைத்து அவரே அடித்த கூடு. ஈரம் ஏறாமல் நான்கு கல்மேல் நிற்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போவதற்கு முன் தகரக் கதவைத் திறந்து, ஒரு பிடி குறுணலை வீசுவார். அவ்வளவுதான் அவர் கொடுக்கும் தீனி. அதற்குப் பிறகு கோழிகள் தேயிலைக்குள் இறங்கிவிடும். புழு, பூச்சி, விழுந்த விதை என்று அங்கே அவற்றுக்கு ஒரு கடையே இருந்தது. தொல்லை என்னவென்றால், முட்டையையும் அங்கேயே இட்டு வைத்துவிடும். எந்தக் கோழி எந்த மலையில் எந்தத் தூரில் ஒளித்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை. கோழி போகும் திசையில் போகமாட்டார். அது திரும்பி வரும்போது எந்தப் பக்கம் பார்க்காமல் வருகிறது என்று கவனிப்பார். "ஒளிச்சு வச்ச பக்கம் அது திரும்பியே பாக்காது" என்பார். எத்தனை தடவை பார்த்து அதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால், விரலை மடக்கிக் கணக்கும் சொல்வார்.

பார்க்காத ஒன்றை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "பாத்துட்டுச் சொல்றேன்." நமக்கோ பொறுமை கிடையாது. எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடையாது. இன்றைக்கு மழை வருமா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டாலும், அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவார். அதற்குள் நான் துணியைக் காயப் போட்டு, அது நனைந்தும் போயிருக்கும்.

தொங்கல் காம்பராவில் ஒரு அண்ணன் பாத்தி கட்டிக் கோவா, அதாவது முட்டைக்கோசு, போட்டிருந்தார். லயத்தின் கடைசி வீடு அவருடையது. கோபம் வந்தால் முதல் வீடுவரை கேட்கும். ஒருநாள் கோவா இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கோழியக்காவின் கோழிகளை நாலு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினார். நாங்களாக இருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருப்போம். இவர் பாத்துட்டுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு, அன்றும் மறுநாளும் கோழிகளைக் கூட்டைவிட்டே இறக்கவில்லை. அவை உள்ளே கிடந்து போட்ட சத்தத்தில் லயமே சபித்தது. மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் புது ஓட்டைகள். அடி இலைகளைத் தூக்கி, ஒவ்வொரு நத்தையாகப் பொறுக்கிப் பால் டின்னில் போட்டு, அந்த அண்ணன் கையில் கொடுத்தார்.

அது பெரிய விஷயமில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே தொங்கல் வீட்டுக்குப் போய், "இந்தத் தடவ என் கோழிதான். பாத்துட்டேன்" என்று சொல்லி ஆறு முட்டை வைத்துவிட்டு வந்தார். அந்த அண்ணன் அதுவரை கோவாப் பாத்தியை எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, திட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்.

அடைக்கு வைத்தால் முட்டைக்கு நடுவில் ஓர் ஆணியைப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இடி இடித்தால் முட்டை கலங்காமல் இருப்பதற்கு. கோழியக்கா ஒரே சமயத்தில் இரண்டு கோழியை அடைக்கு வைத்து, ஒரு கூடையில் ஆணி போட்டார், இன்னொன்றில் போடவில்லை. இடியும் வேண்டிய அளவு இடித்தது. இரண்டிலும் ஒரே மாதிரிப் பொரித்தது. இது பூசாரியின் காதுக்குப் போய், சாமி காரியத்தில் இவ்வளவு சோதனை ஆகாது என்று அவர் சொல்லியனுப்பினார். இதில் வேடிக்கை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு முதல் ஆளாகப் போவது கோழியக்காதான். "சாமிய நான் சோதிக்கல. ஆணியத்தான் சோதிச்சேன்" என்றார். அடுத்த அடைக்கு ஆணி போட்டாரா என்று கேட்டேன். போட்டாராம். ஒரு தடவைதானே பார்த்திருக்கிறது, அதற்குள் எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

இப்படிப்பட்டவருடைய வார்த்தைக்கு லயத்தில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சண்டையிலும் கடைசியில் யாராவது, "கோழியக்கா பாத்தாங்களா?" என்று கேட்பார்கள். பார்த்தார் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. அந்த மதிப்பைத்தான் நான் கெடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கவ்வாத்து வேலைக்குப் போகிறவர். தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. கத்தி லேசாகத் தவறினால் கால்தான். எங்களுக்குக் கல்யாணமான முதல் வருஷமே அப்படித் தவறியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற வெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் கத்தியைப் பார்த்தால் அவருக்கு முகம் மாறும். மேல் லயத்தில் மூத்த மகனோடு இருந்த என் மாமியார், அடுத்த கவ்வாத்துக்கு மகன் பேரில் ஒரு சேவல் தருவதாகக் கவ்வாத்துச் சாமிக்கு நேர்ந்துகொண்டார்.

கவ்வாத்துத் தொடங்கும் நாளில், மலையோரத்துக் கல்லுக்கு முன்னால் எல்லாக் கத்திகளையும் வரிசையாகப் படுக்க வைத்துப் பூசை போடுவார்கள். சேவலை அறுத்து, அந்த இரத்தத்தை ஒவ்வொரு கத்தியிலும் தொட்டு வைப்பார்கள். அதற்குப் பிறகு கத்தி ஆள் இரத்தம் கேட்காது. நேர்ந்த சேவலைக் குஞ்சிலேயே பார்த்து, காலில் மஞ்சள் நூல் கட்டி, பூசைவரைக்கும் வளர்க்க வேண்டும். நூல் கட்டியதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மாற்றவும் கூடாது.

"வெள்ளிக்கெழமைக்குள்ள நூலக் கட்டிரு புள்ள. கோழியக்காகிட்டக் கேட்டு, சேவலாப் பாத்துக் கட்டு. அவ சொன்னா தப்பாது" என்றார் மாமியார்.

கோழியக்காவிடம் அப்போது மூன்று வாரக் குஞ்சுகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி, கொண்டை வரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப ஒன்னும் சொல்ல ஏலாது. இன்னும் மூனு வாரம் போகட்டும், கொண்ட செவக்கும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. மாமியாரிடம் போய் இன்னும் மூன்று வாரம் என்று சொல்ல எனக்குப் பயம். புதுமருமகள் ஒரு சின்ன வேலையைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை என்று ஆகிவிடும். மறுநாள் கோழியக்கா கொழுந்து மலைக்குப் போன பிறகு, நானே ஒரு பிடி குறுணலை வீசிக் கையை நீட்டினேன். தாய்க்கோழி என் மணிக்கட்டில் கொத்தியது. ஒரு குஞ்சைப் பிடித்து நூலைக் கட்டினேன். மேல் லயத்துக்கு ஏறிப்போய், "கட்டிட்டேன் அத்த. கோழியக்காதான் பாத்துச் சொன்னாங்க" என்றேன். இதில் இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. அது தானாக வந்தது.

சாயங்காலம் கோழியக்கா நூலைப் பார்த்தார். மாமியார் அவசரப்படுத்தியதால் நானே கட்டிவிட்டேன் என்றேன். அதுவரை உண்மைதான். அவர் பெயரைச் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டேன். "சேவலா இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லி, நூல் இறுக்கமாக இருக்கிறது என்று அவிழ்த்துத் தளர்வாகக் கட்டினார். பிறகு அந்தக் கால் வளர வளர அவரே மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டார். கொண்டை ஒரு பயறு அளவுகூட எழும்பவில்லை.

"புள்ள, இது பொட்ட. அத்தகிட்டச் சொல்லிரு. வேற சேவலுக்கு இப்பவே சொல்லி வச்சா கெடைக்கும்."

சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போவேன். மாமியார் சாயத்தண்ணி கொடுத்து, சாமிச் சேவல் நன்றாக வளருகிறதா என்று கேட்பார். வளருகிறது என்பேன். அது வளரத்தான் செய்தது. குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். இப்படியே நாலைந்து மாதம் போனது. கோழி ஏதாவது ஒரு நாள் கூவித் தொலைக்காதா என்றுகூட நான் வேண்டியதுண்டு.

பூசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, முழங்கால் வலியோடு கம்பை ஊன்றிக்கொண்டு மாமியார் இறங்கி வந்தார். சேவலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பீலியில் எல்லாப் பெண்களும் இருந்தார்கள். பீலியிலிருந்து பார்த்தால் கோழியக்காவின் வாசல் நேராகத் தெரியும். "எங்க எங்க சாமி சேவல்?" என்று மாமியார் கேட்டு முடிக்கவில்லை, கூட்டுக்குள்ளிருந்து கொக்கரித்துக்கொண்டு ஒரு கோழி வெளியே வந்தது. காலில் மஞ்சள் நூல். அன்றைக்குத்தான் அது முதல் முட்டை இட்டிருந்தது. அதை ஊருக்கே சொல்லியாக வேண்டும் அதற்கு.

பீலியில் சிரிப்பு வெடித்தது. மாமியார் சிரிக்கவில்லை. வாசலில் நின்ற கோழியக்காவின் பக்கம் கம்பை நீட்டினார்.

"நீ பாத்துச் சொன்னேன்னுதானே நம்பிக் கட்டுனோம். வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் கேட்டுருக்கமாட்டேன். எம்புள்ள காலு போனா நீ தருவியா?" என்று கேட்டு, அங்கேயே அழுதுவிட்டார்.

கோழியக்கா அவரைப் பார்த்தார். பிறகு ஒரு தடவை, ஒரே தடவை, என்னைப் பார்த்தார். நான் பீலிக்கடியில் வாளியை வைத்துக்கொண்டு நின்றேன். வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. சொல்வதற்கு நாலு வார்த்தைதான். குனிந்து வாளியை நகர்த்தினேன்.

"பாத்துட்டுச் சொல்லியிருக்கணும். தப்புத்தான்" என்றார் அவர்.

எல்லோரும் அதை அவர் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். அது யாருடைய தப்பு என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது.

அன்றைக்கே தன்னுடைய சேவலை மாமியாருக்குக் கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்கு இருந்த ஒரே சேவல். சிவப்பு உடம்பும் கறுத்த வாலுமாக, பார்க்கவே அழகாக இருக்கும். வேண்டாம் என்று மாமியார் சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை. பூசாரி யோசித்து ஒரு தீர்ப்பு வைத்தார். எலுமிச்சம்பழம் வெட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு சேவல் கொடுக்கலாம். ஆனால் நூல் கட்டிய கோழி சாமிக்குச் சொந்தம். அதைத் தொடக் கூடாது. கோழியக்கா எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது இடுற முட்ட யாருக்குங்க?" என்றார். பூசாரி கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இதுவரை சொல்லவில்லை.

பூசை நடந்தது. கவ்வாத்தும் நடந்து முடிந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒரு கீறல் விழவில்லை. சேவல் யாருடையதாக இருந்தால் என்ன, சாமி ஏற்றுக்கொண்டது என்று மாமியார் நிம்மதியானார். எனக்குத்தான் விடியற்காலை கண் விழிக்கும்போது அந்தச் சேவல் கூவாதது காதை அடைக்கும். பக்கத்துக் காம்பராவில் கோழியக்கா எழுந்து தகரக் கதவைத் திறக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

லயம் அவரிடம் கேட்பதை விட்டுவிட்டது. கோழியக்காவுக்கும் கண்ணு மங்கிப்போச்சு என்றார்கள். தொங்கல் வீட்டு அண்ணன் மறுபடி கோவாவில் ஓட்டையைப் பார்த்தபோது, அவர் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நேராகக் கல்லை எடுத்துக் கோழிமேல் எறிந்தார். ஒன்றுக்குக் கால் ஒடிந்தது. கோழியக்கா அதற்குக் குச்சி வைத்துக் கட்டிக்கொண்டே, பாத்துட்டுச் சொல்றேன் என்று அப்போதும் சொன்னார். அதைக் கேட்க அந்த அண்ணன் அங்கே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் என்னோடு பேச்சை நிறுத்தியிருப்பார்கள். அவர் பென்சில் கேட்டு வந்தார். நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே பென்சில் கிடைக்கும். எதற்கு என்று கேட்டேன். சேவல் போன மறுநாளிலிருந்து இட்ட முட்டைகளில், நாளுக்கு ஒன்றை எடுத்து வைத்திருந்தார். முதல் நாள் முட்டைக்கு ஒரு கோடு, இரண்டாம் நாளுக்கு இரண்டு கோடு. கரியால் போட்டது அழிகிறதாம். "சேவல் போயிட்டா மறுநா முட்டையே பொரிக்காதுங்கறாங்க. யாரும் பாத்ததில்ல. எத்தன நாளைக்குப் பொரிக்குதுன்னு பாப்போம்" என்றார். தன்னிடம் இருந்த ஒரே சேவல் போனதை வைத்து அவர் செய்த காரியம் இது. எனக்கு அழுகை வந்தது. பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.

பதின்மூன்று முட்டையை அடைக்கு வைத்தார். ஏழெட்டு நாள் கழித்து, பகலில், என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். லயக் காம்பராவில் கதவைச் சாத்தினால் பகலிலும் இருட்டுதான்; அந்த இருட்டுக்கு ஒரு நல்ல உபயோகத்தை நான் அன்றுதான் கண்டேன். அட்டையில் ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் போன் வெளிச்சத்தைப் பிடித்து, ஒவ்வொரு முட்டையாக அதன்மேல் வைத்தார். சிவப்பு வெளிச்சத்தில் மெல்லிய நரம்புகள் கிளை விட்டிருந்தன.

"ஒனக்கும் தெரியுதா? எனக்கு மட்டுமா?"

எனக்கும் தெரிந்தது. ஏழு கோட்டு முட்டையில் தெரிந்தது, எட்டில் மங்கலாகத் தெரிந்தது, பத்திலும் ஒன்று துடித்தது. அந்த இருட்டில் நானும் அவரும் மட்டும். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். அவர் முட்டையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

குஞ்சு பொரித்த அன்று பத்துக் கோட்டு முட்டையிலிருந்தும் ஒன்று வந்தது. அதற்கு மேல் உள்ளவை கூமுட்டை. உடைந்த ஓட்டில் பத்துக் கோடும் இருந்த பாதியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பீலிக்கு வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சேவல் இல்லாமல் பத்து நாள்வரை முட்டை பொரிக்கிறது என்று, கண்டதைக் கண்டபடி எல்லோரிடமும் சொன்னார்.

சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி, "நீங்க பாத்துச் சொன்னா பொட்டையும் கூவுமேக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோடு யார் வேண்டுமானாலும் போடலாம் என்றாள் இன்னொருத்தி. கோழியக்கா ஓட்டைத் திரும்பவும் துணியில் சுற்றினார். உடையக் கூடாதே என்று மெதுவாகத்தான் சுற்றினார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அந்தக் குஞ்ச அவங்க பாக்கவே இல்ல. நான்தான் புடிச்சுக் கட்டுனேன். அவங்க சொன்னாங்கன்னு அத்தகிட்டப் பொய் சொன்னேன். பொட்டன்னு தெரிஞ்சப்பவும் அவங்க வந்து சொன்னாங்க, நான்தான் மறச்சேன். இந்தப் பத்துக் கோட்ட நானும் பாத்தேன். அது நெசம்."

 சோப்புக்காரி சோப்பைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தாள். அடிப்பாவி என்றார் யாரோ. எனக்கு அது போதாது என்று தோன்றியது. கோழியக்கா தன் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்.

மத்தியானத்துக்குள் செய்தி மேல் லயத்துக்கு ஏறிவிட்டது. மாமியார் தீபாவளிவரை என்னோடு பேசவில்லை. வீட்டுக்காரர் அன்று இரண்டு தடவை மட்டும் பேசினார். இரண்டையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வாரம் தன் அம்மா சொல்லி அவர் நோர்வூட்டிலிருந்து ஒரு சேவலை வாங்கி வந்து, கால்களைக் கட்டி, கோழியக்காவின் வாசலில் வைத்துவிட்டு வந்தார். தொங்கல் வீட்டு அண்ணனும் ஒரு கோவாவைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஓர் ஓட்டைகூட இல்லை.

அன்று சாயங்காலம் கோழியக்கா புதுச் சேவலின் கட்டை அவிழ்த்துவிட்டு, அது என்ன செய்கிறது என்று படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கே ஏன் என்னைக் கேட்கவில்லை என்று கேட்டேன்.

"கேட்டா பயத்துல ஏதாவது ஒன்னு சொல்லியிருப்ப. அத வச்சு நான் என்னா கண்டுபுடிக்கிறது? இப்பச் சொல்லு. எதப் பாத்து அது சேவல்னு நெனச்ச?"

திட்டுகிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். திட்டவில்லை. இத்தனை மாதமாக அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அதுதான்.

"மத்ததெல்லாம் ஓடிருச்சுக்கா. அது மட்டும் ஓடாம நின்னுச்சு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். மஞ்சள் நூல் கட்டிய கோழி எங்கள் காலடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"ஓடாம நின்னா பொட்டன்னு வச்சுக்கலாம் போல" என்றார். உடனே தலையை ஆட்டித் திருத்திக்கொண்டார். "ஒன்னுதானே பாத்திருக்கு. இன்னும் நாலஞ்சு ஈடு குஞ்சு பொரிக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்."

அடுத்த வருஷம் கால் முடியாமல் வேலையை விட்டு, மகளோடு நோர்வூட் பக்கம் போய்விட்டார். கோழிகளையும் கூட்டையும் லொறியில் ஏற்றிக்கொண்டுதான் போனார். சாமிக் கோழியை மடியிலேயே வைத்துக்கொண்டார். அவர் காம்பராவுக்கு இப்போது வேறு குடும்பம் வந்துவிட்டது.

போன மாதம் ஒருநாள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எப்படி இருக்கிறாய் என்ற விசாரிப்பு எதுவும் இல்லை. பின்னால் கோழிச் சத்தம் கேட்டதால் ஆளைத் தெரிந்துகொண்டேன்.

"புள்ள, பதினோரு ஈடு பாத்துட்டேன். ஓடாம நின்னதுல பாதி சேவல், பாதி பொட்ட. ஒன்னும் சொல்ல ஏலாது. அன்னிக்கு நான் கைய விட்டிருந்தாலும் தப்பாத்தான் புடிச்சிருப்பேன்."

 என் தப்பு குஞ்சைப் பிடித்ததில் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அத இன்னும் மனசுல வச்சிருந்தா விட்டுரு" என்றார் கோழியக்கா. "பாத்துட்டுத்தான் சொல்றேன்."